வராத கறுப்புக் கோடு

எனக்குத் தனியாகச் சாப்பிட்டால் இறங்காது. அதனால் கிருசாந்தினி எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்த அன்று நான் பட்ட சந்தோஷம் உங்களுக்கு விளங்கும். இத்தாலியில், இந்தப் பலேர்மோவில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் வெள்ளை மேலங்கியோடு பக்கத்து மேசையில் இருந்து தமிழில் பகிடி விட ஒருத்தி கிடைப்பது லேசில்லை. மத்தியானங்களில் இருவரும் பல்லரோ சந்தைக்கு நடப்போம். கடலைமாவுப் பொரியலைப் பாணுக்குள் வைத்து வாங்கி, நின்றபடியே சாப்பிடுவோம். அவள் சிரித்தால் மீன்காரர்களும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரிப்பார்கள்.

அவள் ஒரு புரதத்தை ஆராய்ந்தாள். பெருகச் சொல்லி உயிரணுவுக்கு வரும் கட்டளையை அடக்கி வைக்கும் புரதம், வாகனத்துக்கு பிரேக் போல. சும்மா பார்த்தால் தெரியாது. அதில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் அன்ரிபொடியை, அதாவது பிறபொருளெதிரியை, ஊற்றினால் படத்தில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும்.

"அக்கா, கோடு வந்திட்டுது. வந்து பாருங்கோ" என்று முதலில் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போனாள். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன்.

"இன்னும் ரெண்டு தரம் இப்பிடிக் காட்டினால் ஜேர்மனியிலை ஒரு ஆய்வுகூடத்திலை எடுக்கிறம் எண்டவை. நான் போயிடுவன்."

அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தை ஒருமுறையாவது பார்த்திருக்கலாம். எனக்கிருந்த ஒரே வருத்தம் அதுதான்.

அன்ரிபொடியும் புரதம்தான். முட்டையைப் போல, அதிகம் சூடானால் பழைய நிலைக்குத் திரும்பாது. மறுநாள் அவள் வருமுன் அந்த அன்ரிபொடிக் குப்பியைச் சூடாக்கி, ஆறவைத்து, குளிர்ப்பெட்டியில் அதன் இடத்திலேயே வைத்தேன். பிறகும் பல தடவைகள் அப்படிச் செய்தேன். எங்கள் ஆய்வுகூடத்து மாணவி அனிற்றா கண்டது அதில் ஒன்றைத்தான். என்ன செய்கிறேன் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. இப்போது விசாரிக்க வந்த உங்களிடம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், நல்ல பிள்ளை.

கோடு வரவில்லை. புதுக் குப்பி வரவழைத்தார்கள். வரும் பொதிகளை வாங்கி வைப்பது என் வேலை என்பதால் அதிலும் சிரமம் இருக்கவில்லை.

அவள் அழுதாள். நான் துறைமுகப் பக்கம் கூட்டிப்போய் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன். நாப்போலிக் கப்பல் புறப்படுவதைப் பார்த்தபடி, "என்ரை கை சரியில்லைப் போலை, அக்கா" என்றாள். நான் அவள் தலையைத் தடவினேன். அந்த மாதங்கள் மிக இனிமையானவை. அவள் என்னோடு அவ்வளவு நேரம் இருந்ததே இல்லை.

முதல் படத்தையே அவள் பொய்யாகச் செய்தாளோ என்று பேராசிரியர் கேட்டார். நான் அவளுக்காகப் பரிந்து பேசினேன். வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள் என்றேன்.

அவள் ஆராய்ச்சியை விட்டாள். ஜேர்மனிக்காரரும் கடிதம் போடுவதை விட்டார்கள். நான் அவளைக் கைவிடவில்லை. கபோ சந்தைப் பக்கம் ஒரு இத்தாலியச் சின்யோரா அம்மா வீட்டில் சமையலுக்கும் துப்புரவுக்கும் சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் சாப்பிட வருவாள்.

பொறாமையா என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவளுடைய கெட்டித்தனத்தில் என்னளவுக்கு நம்பிக்கை வைத்தவர்கள் யாருமில்லை. இல்லாவிட்டால் நான் இவ்வளவு பாடுபட்டிருக்கத் தேவையில்லை.

அவளுடைய வேலையைப் பேராசிரியர் என்னிடம் தந்தார். நல்ல குப்பியை எடுத்துச் செய்தேன். முதல் தடவையே கோடு வந்தது, கன்னங்கரேலென்று. உடனே அவளுக்குத்தான் போன் எடுத்தேன்.

"உங்களுக்கு வந்திட்டுதோ, அக்கா? எனக்குச் சரியான சந்தோசம்." பின்னால் அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. "அப்ப பிழை என்ரை கையிலைதானே இருந்திருக்கு?"

"ஓம்" என்றேன்.

இனியாவது அவள் யோசித்துக் குழம்பாமல் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.