சாரங்கி சொன்ன ஒரு ‘இல்லை’

அவைக்கு அழகு சேர்த்து வீற்றிருக்கும் தலைவர் கிறிஸ்துராஜா அவர்களே! அனுபவத்தால் அகம் கனிந்த பெரியோர்களே! மாலை வேலையை மாற்றிக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்து வந்திருக்கும் தாய்மார்களே! பக்கத்து ஊரான டோஸ்ட்ருப்பிலிருந்து முந்தி வந்து இந்த இஷொய் மண்டபத்தின் நாற்காலிகளையெல்லாம் பிடித்துக்கொண்ட இளைஞர்களே! எழும்பி அம்மாமாருக்கு இடம் கொடுங்கள், ராசாக்களே. உங்கள் அனைவருக்கும் கஜந்தியின் கனிவான வணக்கம்!

நாளை நாடாளுமன்றத் தேர்தல். முன்வரிசையில், தாயார் ராசமலருக்குப் பக்கத்தில், கூச்சத்தோடு அமர்ந்திருக்கிறாரே சாரங்கி, அவர் பிரதமர் வேட்பாளர். போன வருடம் வரை, நாம் வந்து குடியேறிய இந்நாட்டு மத்திய வங்கியின் ஆளுநர்களில் ஒருவர். வங்கியில் இருந்தவருக்கு வாக்குக் கேட்கும் வீதியில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். ஏன், மத்திய வங்கித் தலைவர் பிரதமரானது இத்தாலியில் நடக்கவில்லையா? கனடாவில் நடக்கவில்லையா? நாணயத்தைக் காத்த கைகள் நாட்டைக் காக்கக் கூடாதா?

கைதட்டல் போதும் பிள்ளைகளே, கதை இனித்தான் இருக்கிறது.

மத்திய வங்கியில் இருப்பவர் வாய் திறந்தால் சந்தை ஆடும். ஆகவே அளந்து பேசுவார், அடக்கிப் பேசுவார், பேசாமலே இருந்தும் பார்ப்பார். நம்மவர் விடுவார்களா? வீட்டுக்கடன் எடுத்த சனமாயிற்றே! சாரங்கி விருந்தில் இரண்டாவது வடை எடுத்தால் வட்டி குறையுமாம். வேண்டாம் என்றால் கூடுமாம். எல்லோரும் சிரிக்கிறீர்கள், தவராஜா அண்ணை மட்டும் சிரிக்கவில்லை, பாருங்கள்! ஒரு கலியாண வீட்டில் சாரங்கி பாயசத்தை அரைவாசியில் வைத்ததைக் கண்டுவிட்டு, மறுநாளே கடனை நிலையான வட்டிக்கு மாற்றியவர் அவர்.

“வயித்து வலியில வச்சனான் அண்ணை!” என்று சாரங்கி சொல்லியும் பார்த்தார்.

“ஓம் ஓம், நீர் அப்பிடித்தான் சொல்லோணும்,” என்று அண்ணை கண்ணடித்தாராம். நம் நாட்டு வட்டி பிராங்க்பேர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கியைப் பார்த்து நகருமே தவிர பாயசக் கோப்பையைப் பார்த்து நகராது என்றால் கேட்டால்தானே! அதன் பிறகு இந்தப் பெண் விருந்துகளில் வெறுந்தண்ணீர்தான் குடித்தார்.

அப்படிப்பட்டவர் அரசியலுக்கு வந்தார். வந்தும் அதே பழக்கம். “நாட்டுக்கு என்ன செய்வீர்?” என்று கேட்டால், “நிலவரத்தைக் கவனிச்சுக்கொண்டிருக்கிறம்” என்பார். ஐயோ, எனக்கு வந்த கோபம்!

பிறகுதான் வடக்கே ஓல்போர்க் நகரில் நம்மவர் கூட்டிய தேர்தல் கூட்டம் வந்தது. கோப்பியும் கேக்கும் பரிமாறி முடிய, முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் தேவமலர் அக்கா எழுந்தார். ஆட்களைத் தூக்கித் தூக்கியே முழங்கால் தேய்ந்தவர்.

“பிள்ளை, ஓய்வூதிய வயதைக் குறைப்பீரோ?”

சாரங்கி தொடங்கினார்: “தற்போதைய நிலவரங்களையும் பல்வேறு காரணிகளையும் கருத்தில்கொண்டு...”

தேவமலர் அக்கா கையை உயர்த்தினார். “பிள்ளை, நான் சந்தை இல்லை. என்ர காலைப் பாத்துச் சொல்லும். ஓமோ, இல்லையோ?”

தமிழே தெரியாத கட்சி ஆலோசகர்கூட முகங்களைப் பார்த்து நிலைமையைப் புரிந்துகொண்டு, ‘ஓம் என்று சொல்லிவிடுங்கள்’ என்று தலையை ஆட்டுகிறார். முன்பு வந்த வேட்பாளர்கள் அத்தனை பேரும் ‘ஓம்’ சொல்லிவிட்டுப் போன மேடை அது. சாரங்கி என்ன சொன்னார்?

“இல்லை அக்கா. எல்லாருக்கும் குறைக்க ஏலாது. உங்களைப் போல உடம்பு தேய உழைச்சவைக்கு மட்டும் முந்தி எடுக்க வழி செய்வன். அதுக்கு வரி கூடும். என்ர வரியும் கூடும், உங்கட மகன்ர வரியும் கூடும்.”

பக்கத்திலிருந்த மகன் ரஜிதனின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்! செய்தி பத்திரிகைகளில் வர, மறுநாளே கருத்துக்கணிப்பில் ஆதரவு சரிந்தது. சொன்னதைத் திருத்தி அறிக்கை விடுங்கள் என்று கட்சி கெஞ்சியது. விட்டாரா? விடவில்லை. வளைந்தாரா? வளையவில்லை. வாயை மூடிக்கொண்டாவது இருந்தாரா? இல்லை ஐயா, போன ஊரெல்லாம் அதையே சொன்னார்!

தேவமலர் அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன், கோபமா என்று. “‘ஓம்’ எண்ட ஆக்களை நான் பிறகு காணேல்ல கஜந்தி. ‘இல்லை’ எண்ட பிள்ளைதான் கூட்டம் முடியக் கிட்ட வந்து, முழங்காலுக்கு எப்ப சத்திரசிகிச்சை எண்டு கேட்டது. எனக்கு அது போதும்,” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மக்களே! வாக்குறுதிகளை வாரி வழங்குவோர் வீதிக்கு ஒருவர் இருக்கிறார்கள். முடியாததை முடியாது என்று முகம் பார்த்துச் சொல்பவர் எத்தனை பேர்? மக்கள் விரும்பாத முடிவை எடுத்துவிட்டு, வசைக்கு நடுவே விலகாமல் நிற்கும் பழக்கத்தை வங்கி இவருக்குக் கொடுத்தது. அந்த முடிவை மனிதரிடம் மனிதராகச் சொல்லும் துணிவை ஓல்போர்க் கொடுத்தது. இரண்டும் சேர்ந்தவர் நாடாளட்டும் என்கிறேன். தவறா?

‘தவறில்லை’ என்று பின்வரிசை சொல்கிறது. நன்றி, பின்வரிசையே!

எத்தனையோ மேடைகளில் ‘வெற்றி நிச்சயம்’ என்று முழங்கியவள் நான். நீங்களும் கைதட்டிவிட்டு, அதுதான் நிச்சயமாயிற்றே என்று வீட்டில் இருந்துவிடுவீர்கள்! இன்று மண்டபத்துக்குள் வரும்போது சாரங்கி என் கையைப் பிடித்து மெல்லக் கேட்டார்: “அக்கா, நான் வெல்லுவனோ?”

“தெரியாது பிள்ளை,” என்றேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். வெல்வாரா, எனக்குத் தெரியாது. நீங்கள் வாக்குப்போடப் போகாவிட்டால் தோற்பார், அது நன்றாகத் தெரியும்!

செவி தந்த சபைக்கும், சிரிப்புத் தந்த தாய்மாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. காலையில் குடையோடு போங்கள், குடும்பத்தோடு போங்கள். வணக்கம்!