வீக்கம்னு சொல்லி வச்சிருக்கோம்

இல்ல ஹாஜி, எங்கண்ணன் பாத்ரூம்லேர்ந்து வர்றதுக்குள்ள சொல்லிடறேன். அவன் வந்து உக்காந்ததும் அந்த நோய் பேரை மட்டும் எடுத்துடாதீங்க. இந்த ஆஸ்பத்திரி வராண்டால எல்லாருக்கும் அதுதான், தெரியும். ஆனா அவன்கிட்ட வீட்ல எல்லாரும் சேந்து வீக்கம்னு சொல்லி வச்சிருக்கோம். உங்க வீட்லயும் அப்படித்தானா? பாத்தீங்களா, தமன்ஹூர்ல ஒருத்தருக்குமே கேன்சர் கிடையாது. மொத்த ஊரும் வீங்கிக் கெடக்கு!

எங்கண்ணன் ரிஃப்அத் கதை கொஞ்சம் வேற. பதினாலு வருஷமா அவன் காதுக்குள்ள ஆளுங்க பேசுவாங்க. மாத்திரை உண்டு. அண்ணே, அது பொய், யாரும் பேசலன்னு சொல்றதுதான் என் உத்தியோகம். காலேஜைப் பாதில விட்ட எனக்கு வேற எவன் வேலை குடுப்பான்? இப்ப அந்த ஆளுங்க, உனக்குச் சாவு வந்தாச்சு, வீட்ல மறைக்கிறாங்கன்னு சொல்றாங்களாம். ஹைதம், இதுவும் பொய்தானேன்னு கேக்கறான். பொய்தான்னேன். மொதத் தடவையா அவனுங்க நெசத்தைச் சொல்றானுங்க, நான் புளுகறேன்.

சிரிக்காதீங்க ஹாஜி, அவன் காதுல விழுந்தா தன்னைப் பாத்துத்தான்னு நினைப்பான்.

உள்ள அந்தக் கதிர் வைக்கிற மிஷின் இருக்கே, மூஞ்சிக்கு ஒரு வலையை மாட்டி மேசையோட சேத்துப் பூட்டுறாங்க. என்னைக் கட்டப் போறாங்கன்னு இத்தனை வருஷமா கத்தினவனை நெசமாவே கட்டறாங்க! ரெண்டு தடவை பிச்சுக்கிட்டு ஓடி வந்துட்டான். இன்னிக்கும் ஓடினா அவன் எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னுட்டார் டாக்டர். காலைலேர்ந்து ஒரு சத்தம் இல்ல. அவிச்ச மொச்சை, ஃபூல் வாங்கிக் குடுத்தேன், தொடல. அவன் கத்தினாத்தான் எனக்கு நிம்மதி.

என்னது, எப்போலேர்ந்தா? டாக்டரும் அதான் கேட்டார். இந்த ரமலான்லேர்ந்துன்னாங்க உம்மா. நான் சுவத்தைப் பாத்துட்டு நின்னேன்.

அதுக்கு முந்தின ரமலான், ஹாஜி. நோன்பு தொறக்க உக்காந்திருக்கோம். தொண்டைக்குள்ள ஒருத்தன் உக்காந்து சோத்தைத் திருப்பித் தள்றான்டான்னு அண்ணன் என் காதோட சொன்னான். நான் அவன் கழுத்துல வாயை வச்சு, யாருய்யா உள்ள, பாங்கு சொல்லியாச்சு, வெளிய வந்து சாப்புடுன்னேன். வீடே உருண்டு உருண்டு சிரிச்சுச்சு. உம்மாவுக்குச் சிரிச்சது ஞாபகம் இருக்கு, எதுக்குன்னுதான் ஞாபகம் இல்ல.

அவனும் சிரிச்சான் ஹாஜி. அப்புறம் ஒரு வருஷத்துக்குத் தொண்டையைப் பத்தி யார்கிட்டயும் வாயைத் தொறக்கல.