ஒரே ஒரு தசம இடம்

வரிசையாக நிற்கும் எண்கள் கண்ணுக்கு இதம். குடிநீர் அலுவலகத்தில் பதினொரு ஆண்டுகளாக நான் பார்த்த வேலையை இப்படிச் சுருக்கிவிடலாம்.

திங்கள்கிழமை காலைகளில் தரவுத்தளத்தில் கேள்வியைத் தட்டி, கிணறுகளின் அளவுகளைச் சுவரில் பெரிதாகக் காட்டுவேன். எங்கள் இன்ஜினியர் ஓல்மேதோ, மாத்தே என்னும் மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே பார்ப்பார். ஒரு வரியில் இரண்டு இலக்கம், அடுத்ததில் ஆறு.

"என்னய்யா இது, எறும்பு ஊர்ற மாதிரி? ஒழுங்கா நிக்க வைக்கத் தெரியாதா?" என்றார் ஒரு நாள்.

அன்றே ஒரு கட்டளை எழுதினேன்: புள்ளிக்குப் பின் ஓரிலக்கம் மட்டும் காட்டு. தரவுத்தளத்தைத் திறக்கும்போதெல்லாம் அது தானே இயங்கும்படி வைத்தேன். அட்டவணைக்குள் எந்த எண்ணையும் தொடவில்லை. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆர்செனிக் நஞ்சு இருக்கக் கூடாது. எங்கள் ஊரான மோந்தே கீஸின் கிணற்றில் 0.04. ஆய்வகத் தாளைப் பார்த்து அதைப் பதிந்தவன் நான்தான். திரையில் 0.0 என்று வந்தது. தண்ணீர் நல்லது என்று ஓல்மேதோ கையெழுத்திட்டார்.

அதற்குப் பின் ஆறாம் ஆண்டில் ஊர் நர்ஸ் கசில்தா வந்தாள்.

"அண்ணே, நம்ம ஊர்ப் பிள்ளைங்க உள்ளங்கையெல்லாம் மரப்பட்டை மாதிரி ஆகுது. பெரியவங்க ரெண்டு பேருக்குத் தோல்ல புத்துநோய். எனக்குத் தண்ணி மேலதான் சந்தேகம்."

அவள் எதிரிலேயே கேள்வியைத் தட்டினேன். ஆறு ஆண்டு அளவுகள், மேலிருந்து கீழ்வரை 0.0. ஒன்றின் கீழ் ஒன்றாக, அவ்வளவு நேராக.

"ஒண்ணுமே இல்லையா?"

"நீயே படிச்சுப் பாரு."

விரல் வைத்துப் படித்தாள். "நான்தான் வீணா பீதியக் கிளப்பிட்டேன். கிணத்துத் தண்ணி வேணாம்னு சொல்லி வச்சிருந்தேன். போய்க் குடிக்கச் சொல்லிடறேன்." கொண்டுவந்த சிபா ரொட்டியில் இரண்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சூடாக இருந்தன. சாப்பிட்டேன்.

அந்தக் கட்டளையை நீக்க அரை நிமிடம் போதும். ஆனால் மறுநாள் தலைநகரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. எண் வரிசைகள் கோணலாகிவிடும்.

செத்தவர்கள் பத்தொன்பது பேர் என்கிறீர்கள், விசாரிக்க வந்த நீங்கள். மறுக்கவில்லை. முழு எண்தான், சுருக்க ஒன்றுமில்லை. ஆனாலும் நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

என் வீட்டுக்கு வரும் ஊர்க் கிணற்றுக் குழாயை அடைத்துவிட்டு மழைநீர்த் தொட்டி கட்டியது எப்போது என்று கேட்டீர்கள். அந்தக் கட்டளையை எழுதிய அதே வாரம். மழைநீரில் மாத்தே நன்றாக இருக்கும். வேறு காரணம் எதுவும் இல்லை.