குங்குமம் வைத்த வாள்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அன்பு அண்ணை றெமிஜியஸ் அவர்களே! மல்வேர்ன் மண்டபத்தின் முன்வரிசையை முந்திவந்து பிடித்துவிட்ட பெரியோர்களே! வடை பொரித்த கைமணம் மாறாமல் வந்திருக்கும் தாய்மார்களே! தொலைபேசியைத் தடவியபடியே செவிசாய்க்கும் செல்வங்களே! இந்த விசயதசமி மாலையில் உங்கள் எல்லோருக்கும் என் இருகரம் கூப்பிய வணக்கம்.

பேச வந்திருப்பவன் பேராசிரியன் அல்லன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். ஆனாலும் என்ன? வாளை உருவி, வீசி, உறையில் இடும் யப்பானியக் கலையை என் மகள் நிலாணி இன்று இந்த மண்டபத்தில் கற்பிக்கத் தொடங்குகிறாள். அவளைப் பற்றிப் பேச என்னை விட்டால் யார்? பின்வரிசையில் என்ன துஷாந்த், "உங்கட வயித்தைப் பற்றியும் சொல்லுங்கோ" என்கிறீரா? பொறும், அதுவும் வரும்!

அது ஒரு காலம், ஐயா, அது ஒரு காலம்! நிலாணிக்குப் பதினைந்து வயது. ஊர்ப் பிள்ளைகள் பரதம் பழகினார்கள், வீணை பழகினார்கள். இவள் வாள் பழகினாள். வெக்ஸ்போர்ட்டில் வகுப்பு, காரில் கூட்டிப்போவது நான். வெளியே பனி, காருக்குள் என் குறட்டை. ஒருநாள் ஆசிரியை ஸ்டெபனி கண்ணாடியில் தட்டி, உள்ளே வந்து நித்திரை கொள்ளச் சொன்னார். போனேன். சப்பாத்தைக் கழற்றவைத்துக் கையில் கூரில்லாத வாள் ஒன்றைத் தந்துவிட்டார். வயிறு முன்னே போனது, வாள் பின்னே போனது! அன்றோடு நானும் அந்த வகுப்பில் மாணவன்.

உருவுவது இலகு, உறவுகளே! உறையில் இடுவதுதான் வித்தை. குனிந்து பார்க்கக் கூடாது. கண் எதிரே நிற்க, கைதான் வழி கண்டுபிடிக்க வேண்டும். நான் எப்போதும் குனிந்தேன். வீட்டில் என்னோடு ஒரு சொல் பேசாத பிள்ளை, காரில் வீடு வரும்வரை பேசுவாள். "அப்பா, அகெய்ன் கீழ பாத்தனீங்கள்!" அந்தத் திட்டு எனக்குத் தேனல்லவா? அந்தப் பனிப்பாதை இனித் திரும்புமா?

பிறகு வந்தது எங்கள் இருவருக்கும் முதல் தரப் பரீட்சை. யப்பானில் இருந்து பரீட்சகர் வருகிறார். "இதை மிஸ் பண்ணினால் நான் இனி வாளே தொடமாட்டன்" என்றாள். சொன்னால் சொன்னதுதான், தாயைப் போல! ஆனால் அந்த வாரம் என்ன வாரம்? நவராத்திரி! என் மனைவி யோகராணி பூசையில் புத்தகம் வைத்தார், என் ட்ரில் மெஷினை வைத்தார், நிலாணியின் வாளையும் என் வாளையும் வைத்துக் குங்குமமும் இட்டுவிட்டார். விசயதசமி வரை தொடக்கூடாது. பரீட்சையோ அதற்கு முதல்நாள்!

"அம்மா, என்ர வாள்!"

"நாளைக்கு எடுக்கலாம்."

"டெஸ்ட் இண்டைக்கம்மா!"

"உன்ர டெஸ்டுக்காகச் சரஸ்வதியைக் குழப்ப ஏலுமே?"

"அப்பா, ஏதும் சொல்லுங்கோவன்!"

நான் என்ன செய்தேன்? தேத்தண்ணி போடப் போனேன்! சிரியுங்கள் அங்கிள்மாரே, நீங்கள் மட்டும் என்ன செய்திருப்பீர்கள்?

திரும்பி வந்தால், நிலாணி பூசைக்கு முன் குதிக்கால்மேல் அமர்ந்திருக்கிறாள். இரு கையும் நிலத்தில் ஊன்றி, வாளை நோக்கி நெற்றி தாழ வணங்குகிறாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"வகுப்பில வாளைத் தொட முதல் இப்படித்தானம்மா. முடியவும் இப்படித்தான். ஒவ்வொரு வகுப்பும்."

யோகராணி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "நான் வருசத்தில ஒருக்காத்தானே உதுகளைக் கும்பிடுறன்" என்றார் மெல்ல. பிறகு தானே குனிந்து, இரு கையாலும் வாளை எடுத்து நீட்டினார். "கொண்டு போ, அப்பான்ர வாளையும். குங்குமத்தை மட்டும் அழிக்காதை."

அழித்தாளா? இல்லை! பரீட்சகர் அந்தச் சிவப்பைக் கண்டார். இது என்னவென்று கேட்டார். "அம்மா கும்பிட்டது" என்றாள். அந்தப் பெரியவர் வாளை நோக்கித் தலை தாழ்த்தினார். நிலாணி தேறினாள். நான்? குனிந்து பார்த்தேன், குண்டடித்தேன்!

இன்று மறுபடியும் விசயதசமி. ஏடு தொடக்கும் நாள். அதோ, கும்பத்தின் முன் அதே வாள், புதுக் குங்குமத்தோடு. வகுப்பின் முதல் மாணவி யார் தெரியுமா? முன்வரிசையில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முறைக்கிறாரே, அந்த யோகராணிதான்!

வாருமப்பா, வெட்கப்படாதையும். நிலாணி, அம்மாவின் கையைப் பிடி பிள்ளை. பச்சரிசியில் 'அ' எழுத அன்று உன் விரலைப் பிடித்தாரே, அப்படிப் பிடி. யோகம், ஒன்று மட்டும்: உறையில் இடும்போது குனிந்து பார்க்காதையும். குனிந்து பார்க்கும் பதவியில் நான் இன்னும் இருக்கிறேன்!

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி; சிரித்த வாய்களுக்கு இரட்டை நன்றி. வணக்கம்!