காற்று பிரிந்ததும் மணி அடிக்கவும்

காற்று பிரிவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. உங்களுக்கும் வந்தது, பார்த்தேன். தப்பில்லை, இன்ஸ்பெக்டர் சார். ஆனால் வயிற்றைத் திறந்து தைத்துப் படுக்க வைத்த ஆளின் கட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தம் முழுவதும் நின்றுகொண்டு, "பிரிஞ்சுதா, பிரிஞ்சுதா" என்று கேட்பதை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட யாரும் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அது வந்தால்தான் காபி. காபி தங்கினால்தான் இட்லி. இட்லி தங்கினால்தான் வீடு.

நான் டாக்டர் பழமலைநாதன். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் சொந்த ஆஸ்பத்திரி வைத்திருக்கிறேன். கைராசிக்காரன் என்று பெயர். கருவேப்பிலங்குறிச்சியிலும் எங்கள் பக்கத்து மங்களூரிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள் இறங்குவது என் வாசலில்தான். ராஜாங்கத்துக்குச் செய்த ஆபரேஷனும் நன்றாகவே நடந்தது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரே என் தையலைப் பாராட்டினார் என்று கேள்விப்பட்டேன். உங்கள் ஃபைலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். என்னோடு படித்த ஆனந்தராஜ் இப்போது சென்னையில் பெரிய ஆள். 2005-ல் ஒரு மருத்துவ மாநாட்டில் டீ குடிக்கும் நேரத்தில் என் தோளில் கை போட்டான். "என்ன பழமல, ஒங்கூர்ல பீங்கான் பொம்மதான ஃபேமஸு? பொம்மைக்கு வயித்து வலி வந்தா ஒங்கிட்டதான் தூக்கிட்டு வர்றாங்களாமே" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததில் என் டீ கொஞ்சம் சட்டையில் சிந்திவிட்டது. அதனால்தான் ஆராய்ச்சி தொடங்கினேன் என்று எழுதிவிடாதீர்கள். அறிவியல் ஆர்வம் என்று எழுதுங்கள்.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் ஒரு புதுப்பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. ஆபரேஷன் முடிந்தவரைப் பட்டினி போட்டுப் படுக்கவைக்கத் தேவையில்லை. சீக்கிரம் ஏதாவது குடிக்கக் கொடுங்கள். மறுநாளே நடக்க விடுங்கள். சூயிங்கம் மெல்லக் கொடுங்கள், வாய் மென்றால் சாப்பாடு வருகிறது என்று குடல் ஏமாந்துபோய் விழித்துக்கொள்ளும். நல்ல யோசனைதான். இதை என் வார்டில் சோதித்து, புதுச்சேரி மாநாட்டு மேடையில் ஏறிப் படித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வார்டை இரண்டாகப் பிரித்தேன். ஜன்னலோர வரிசைக்குப் புது முறை. சுவரோர வரிசைக்குப் பழைய முறை. யார் எந்த வரிசை என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டது, அதில் ஒரு தில்லுமுல்லும் இல்லை. நோயாளிகளிடம் சம்மதம் கேட்டீர்களா என்று கேட்கிறீர்கள். "ஒங்களுக்கு நல்லதுதான் செய்வேன்" என்று எல்லாரிடமும் சொன்னேன். இந்த ஊரில் டாக்டரிடம் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

மணி என் சொந்த யோசனை. கேட்டால் சொல்ல வெட்கப்படுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். ஆகையால் எங்கள் ஊர் பீங்கான் தொழிற்பேட்டையில் சொல்லி, நீலப்பூ போட்ட பெரிய பீங்கான் மணி ஒன்று செய்து வாங்கினேன். வார்டு வாசலில் அதைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு போர்டும் மாட்டினேன். 'காற்று பிரிந்ததும் மணி அடிக்கவும்.' பிரிந்தவர் எழுந்து போய்த் தன் கையால் அடிக்க வேண்டும். அடித்ததும் வார்டே கைதட்டும். ஆயா காபியோடு வந்துவிடுவாள். கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும், சார். நல்லூர் பச்சமுத்து என்ற பெரியவர் சூயிங்கத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மெல்றதுதான் வைத்தியம்னா வெத்தலயே குடுத்துடலாமே டாக்டரு, இத முழுங்கவும் முடியல, துப்பவும் மனசு வரல" என்றார். வார்டு முழுக்கச் சிரித்துத் தையல் வலித்தது என்று புகார் சொன்னார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஜன்னலோர மணிக்கும் சுவரோர மணிக்கும் வித்தியாசமே இல்லை.

காரணம் எளிது. சுவரோரத்தில் இருந்தவர்கள் பழைய முறைப்படி படுத்திருக்கவில்லை. களை எடுத்தும் மூட்டை தூக்கியும் பழகிய உடம்பு, மயக்கம் தெளிந்ததும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒருவர் பாத்ரூம் போகிறார். ஒருவர் ரோட்டில் பஸ் போவதைப் பார்க்கப் போகிறார். ஒரு அம்மாள் எதிர்க்கட்டில் ஆளோடு சண்டை போடப் போனாள். போதாததற்கு என் நர்ஸ் பானுமதி வேறு, "சும்மா படுத்துக் கெடந்தா நெஞ்சுல சளி கட்டிக்கும், எழுந்திரிங்க" என்று எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள்தானே உங்களிடம் புகார் கொடுத்தவள்? நல்ல நர்ஸ்தான். ஆராய்ச்சி மனப்பான்மை போதாது.

இப்படி இருந்தால் மேடையில் எதைப் படிப்பது? பழைய முறை பழைய முறையாக இருந்தால்தானே புது முறையோடு ஒப்பிட முடியும்? நான் செய்தது அவ்வளவுதான். பழைய முறையைக் கொஞ்சம் ஒழுங்காக நடைமுறைப்படுத்தினேன்.

முதலில் சுவரோரத்தார் செருப்புகளை எடுத்து ஆயாவிடம் கொடுத்துவைக்கச் சொன்னேன். வெறுங்காலோடு நடந்தார்கள். பிறகு மூத்திரக் குழாயை எடுக்காமல் வைத்திருந்தேன். பையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அதன்பிறகுதான் வலி ஊசியைக் கூட்டினேன். வலி ஊசி ஆளை மட்டும் தூங்க வைப்பதில்லை, குடலையும் சேர்த்துத் தூங்க வைக்கும். இதைப் படிக்காமலா சர்ஜனாகிறோம். பானுமதி கேட்டாள், "வலி இல்லங்கறவங்களுக்கு எதுக்கு சார் இவ்ளோ ஊசி?" என்று. வலி இல்லாமல் இருப்பது ஊசியால்தான் என்றேன். ஊசியை எடுத்துக்கொண்டு போனாள்.

சுவரோர மணி மெல்ல மெல்ல ஓய்ந்தது. அவர்கள் வயிறு உப்பிக்கொண்டு, உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு, எதிர் வரிசைக்கு இட்லி வருவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் புது முறைக்கு எவ்வளவு நன்மை இருக்கிறது என்பது முதல்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது.

ராஜாங்கம் கடைசியாக வந்தவர். பீங்கான் பேட்டையில் சூளை வேலை. குடல் அடைத்துக்கொண்டு வந்தார், சரி செய்தேன். அவருக்குச் சுவரோரச் சீட்டு விழுந்தது. அவர் மனைவி ஆதிலட்சுமி அதே பேட்டையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். எதையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் அந்த வேலையில் வந்துவிடும் போலிருக்கிறது. வந்த மறுநாளே என்னை மறித்துக்கொண்டாள்.

"எதுத்தாப்புல எல்லாரும் நடக்குறாங்க, காபி குடிக்கிறாங்க. எங்க வூட்டுக்காரர மட்டும் ஏங்க அசையாம போட்டு வெச்சிருக்கீங்க?"

அவளிடம் குடலைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. கட்டிலில் கிடந்தவரிடம் திரும்பினேன். "என்ன ராஜாங்கம், சூளை ஆறறதுக்கு முன்னால கதவத் தொறப்பீங்களா?" என்று கேட்டேன்.

அரைத்தூக்கத்திலும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "தொறக்கவே கூடாதுங்க. வெளிக்காத்து பட்டா உள்ள இருக்குறது அத்தினியும் விரிசல் வுட்டுடும். தானா ஆறணும்."

"வயிறும் அப்படித்தான்."

"கேட்டுக்கிட்டியா ஆதி?" என்றார் மனைவியிடம். "டாக்டருக்கு நம்ம வேல கூடத் தெரியுது. சும்மா நொய்நொய்ங்காத."

அதற்குப் பிறகு அவரைப் போல ஒத்துழைத்த நோயாளி எனக்குக் கிடைத்ததில்லை. மற்றவர்களுக்கு ஊசி போட்டும் கால் துடிக்கும். இவர் தானாகவே காலை நீட்டி வைத்துவிட்டு அசையாமல் கிடந்தார். பானுமதி எழுப்பப் போனால், "சூள ஆறட்டும் சிஸ்டர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு இருந்த ஒரே ஆசை அந்த மணி. "அது எங்க சூளையில வெந்ததுங்க. நானே அடுக்கி, நானே எறக்குனது. அத அடிச்சிட்டுத்தான் வூட்டுக்குப் போவேன்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

பிறகு ஒரு காலையில் ஆதிலட்சுமி போர்வையை விலக்கிக் காட்டினாள். "எடது கெண்டக்கால் வீங்கியிருக்குதுங்க. தொட்டா சுடுது. நேத்து இப்படி இல்ல. ரெண்டு காலும் ஒண்ணா இல்லன்னா எங்கண்ணுக்குத் தெரிஞ்சிரும்."

தொட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அசையாமல் கிடக்கும் காலில் ரத்தம் உறைந்துபோகும். காலோடு இருக்கும்வரை வீக்கம்தான். ஆள் எழுந்து நடக்கும்போது அது பிய்த்துக்கொண்டு நெஞ்சுக்குப் போனால் அடைத்துவிடும். அதைக் கரைக்கவோ, மேலும் உறையாமல் வைக்கவோ ஊசி உண்டு. வலி ஊசி இருந்த அதே அலமாரியில், அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள், சார். அந்த ஊசியைப் போட்டால், எதற்குப் போட்டேன் என்ற கேள்வி வரும். நடுவில் வேறு வைத்தியம் செய்த ஆளைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். கடைசி ஆளே அவர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் மாநாடு. அவருக்கு இன்னும் காற்று பிரியாமல் இருந்தது என் கட்டுரைக்கு எவ்வளவு பெரிய பலம் என்று உங்களுக்குப் புரியும். "படுத்தே கெடந்தா கொஞ்சம் நீர் கோக்கும்மா. தலகாணி வெச்சுக் கால ஒசத்திப் போடு" என்று சொன்னேன். தலையணை நானே எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் நான் வார்டுக்குள் நுழைகிற நேரம், ராஜாங்கம் எழுந்து உட்கார்ந்திருந்தார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெட்கம்.

"பிரிஞ்சிருச்சு ஆதி."

"நெசமாவா? சும்மா சொல்லாதீங்க."

"பக்கத்துக் கட்டில கேளு. அவரே மூக்கப் புடிச்சிக்கிட்டாரு."

வார்டு முழுவதும் சிரித்தது. தையலைக் காட்ட வந்திருந்த பச்சமுத்து, "சூள ஆறிப்போச்சு, வழி வுடுங்கப்பா" என்று குரல் கொடுத்தார். ஆதிலட்சுமி புருஷனின் கையைத் தோளில் போட்டுக்கொண்டாள். இடது காலை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டு அவர் மணியை நோக்கி நடந்து வந்தார்.

நான் அந்த வாசலில்தான் நின்றிருந்தேன். நிற்கச் சொல்ல ஒரு வார்த்தை போதும். நீங்கள் கேட்பது புரிகிறது. ஏன் சொல்லவில்லை என்றால், நிற்கச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். போர்டில் எழுதியிருந்ததும் மணி அடிக்கவும் என்றுதான். ஒதுங்கி வழிவிட்டேன்.

மணியை அடித்தார். நல்ல சத்தம், நன்றாக வெந்த பீங்கான். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார், என்னைப் பார்த்துக் கும்பிட்டார், பிறகு மூச்சை எங்கோ தேடுகிற மாதிரி மார்பைத் தடவிக்கொண்டே சரிந்தார். கைதட்டல் உடனே நிற்கவில்லை. பின் கட்டில்களில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாது. கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆயா காபி டம்ளரோடு வந்து நின்றாள்.

என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன். நெஞ்சை அமுக்கினேன், ஊசி போட்டேன். அந்த இன்னொரு ஊசியைக்கூடப் போட்டேன். ஆதிலட்சுமி அழவில்லை, சார். என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், அளவு எடுக்கிற மாதிரி. பிறகு பானுமதியைத் தனியே கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கே தெரியும், நீங்கள் வருவீர்கள் என்று.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் படித்தேன். அரங்கம் நிறைந்திருந்தது. ஜன்னலோரத்துக்கும் சுவரோரத்துக்கும் இருந்த வித்தியாசத்தைத் திரையில் காட்டியபோது முன்வரிசையில் ஆனந்தராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். எழுந்து ஒரு கேள்வியும் கேட்டான். "பழைய முறைக் குழுவில் யாராவது இறந்தார்களா?" ஒருவர் இறந்தார், காலில் ரத்தம் உறைந்து, என்றேன். அரங்கத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கீழே இறங்கியதும் அவன் வந்து கட்டிக்கொண்டான். "இனிமே எவனாவது பேஷன்ட்ட படுக்க வெச்சான்னா அவன ஜெயில்ல போடணும்டா பழமல" என்றான்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். ஊசியைக் கூட்டியது நான். செருப்பை எடுத்தது, குழாயை விட்டுவைத்தது நான். சூளைக் கதை சொல்லி அவரை அசையாமல் கிடக்கவைத்தது நான். கால் வீக்கம் எதனால் என்று தெரிந்தும் தலையணை கொடுத்தது நான். வாசலில் வழிவிட்டதும் நான்தான். எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள், சார். ராஜாங்கம் இறந்தது பழைய முறையில். என் முறையில் இன்றுவரை ஒருவர்கூடச் சாகவில்லை.