வட்ட வில்லையும் நீல வில்லையும்

அம்சவல்லி: அஞ்சு மணி நேரமா? மறுபடியுமா?

தீர்த்தகிரி: ஆமா புள்ள. எங்க கீழூரு சோலார் லைட்டு நேத்தும் சரியா அஞ்சு மணி நேரம் எரிஞ்சுது. உங்க மேலூர்ல?

அம்சவல்லி: இங்கயும் அஞ்சுதான்.

தீர்த்தகிரி: பாத்தியா! நாலு வாரமா சரிக்கு சரி.

அம்சவல்லி: அதெப்படி மாமா? உங்க சோலார் பலகையில கறுப்பா, வட்ட வட்டமா வில்லை. எங்களுது நீலம், சதுரம் சதுரமா. ரெண்டும் வேற வேற ரகம்னு, சோதிக்க கொண்டாந்து வெச்ச ஆபீசரே சொன்னாரே.

தீர்த்தகிரி: நீலம் பாக்க எவ்ளோ நல்லா கீது...

அம்சவல்லி: பலகைய பத்தி கேட்டா என் சேலைய பாக்குற.

தீர்த்தகிரி: அதுவும் நீலந்தானே...

அம்சவல்லி: போ மாமா! ஆபீசர் ஜீப்பு ஆலங்காயம் தாண்டிடுச்சாம். இப்ப வந்து கேட்டா இன்னா சொல்லுவ?

தீர்த்தகிரி: அவருதான சொன்னாரு, எது ஒசத்தின்னு தெரியறவரைக்கும் தெனம் ரெண்டு ஊரும் நேரத்த ஒத்துப் பாருங்கன்னு? அதான் காலையில ரெண்டு மைல் ஏறி வர்றேன். கால் வலி உயிர் போவுது. கவருமெண்டு வேலையாச்சே...

அம்சவல்லி: கால் வலிக்கிறவரு பாட்டு பாடிக்கினு ஏறுவாராக்கும். அப்புறம் இன்னா சொன்னாரு? அதையும் சொல்லு.

தீர்த்தகிரி: ...இந்த வாரமும் சமமா இருந்தா ரெண்டையும் கழட்டிக்கினு வேற மலைக்கு போயிடுவேன்னாரு.

அம்சவல்லி: எண்பத்தாறாம் வருசம் பொறந்தும் கரண்டு கம்பி மலையேறல. இதுவும் போனா மறுபடி சிம்னி வெளக்குதான். ஒண்ணு ஜெயிச்சா அந்த ரகத்தையே ரெண்டு ஊர்லயும் தெருவுக்கு தெரு போடுவாங்க.

தீர்த்தகிரி: ஜெயிச்சிட்டா... நான் இங்க ஏறி வர வேல இல்ல.

அம்சவல்லி: ...ம்.

தீர்த்தகிரி: இன்னா, ம்?

அம்சவல்லி: ஒண்ணுமில்ல. ஆமா, இன்னா நகமெல்லாம் கறுப்பு? புளியா?

தீர்த்தகிரி: புளிக்காலமாச்சே. கொட்ட எடுத்தேன்...

அம்சவல்லி: நீயா! உங்க வூட்டுல ஆம்பளைங்க என்னிக்கு கொட்ட எடுத்தீங்க? நேத்து கீழ போய்ட்டு வந்த பாஞ்சாலை சொன்னா, உங்க பலகை மேல புளி காயுதாம்.

தீர்த்தகிரி: அவ வாய... அது... கண்ணாடி நல்லா சூடா கீதில்ல, பாறைய விட சுருக்கா காயுமேன்னு...

அம்சவல்லி: மாமா!

தீர்த்தகிரி: ...சரி சரி. ரெண்டு வில்லை மேல ஒரு கைப்பிடி. அவ்ளோதான். ஒரு வில்லை மறைஞ்சாலே மொத்த பலகையும் மந்தமாயிடுது. நீ சொல்ற நேரத்த கேட்டுக்கினு போய், மறுநாள் புளிய கூட்டுவேன், கொறைப்பேன்.

அம்சவல்லி: அய்யோ... புளி இல்லன்னா?

தீர்த்தகிரி: ஏழு மணி நேரம். மொத நாளே பாத்துட்டேன், வட்டந்தான் ஒசத்தின்னு. அத அன்னிக்கே சொல்லியிருந்தா...

அம்சவல்லி: ஐயா இங்க மலையேறி வர்றது அன்னிக்கே நின்னிருக்கும்.

தீர்த்தகிரி: சிரிக்காத புள்ள, மானம் போவுது. உன்ன பாக்காம இருக்க முடியல, அதான். ஆனா நம்மால ரெண்டு ஊரும் இருட்டுல கெடக்கக் கூடாது. ஆபீசர் வந்ததும் உண்மைய சொல்லிடறேன். வட்டம் ஏழு, நீலம் அஞ்சு.

அம்சவல்லி: நீலம் அஞ்சில்ல மாமா... நாலு.

தீர்த்தகிரி: இன்னாது?

அம்சவல்லி: ஒரே பக்கம் வெச்சா நாலுதான். சூரியன் போற பக்கமெல்லாம் திருப்பி வெச்சாதான் அஞ்சு.

தீர்த்தகிரி: அடிப்பாவி! நீயுமா? எனக்காக தெனம் பலகைய திருப்பினியா?

அம்சவல்லி: நான் எங்க திருப்பறது? பொழுதுக்கும் காட்டுல புளி பொறுக்கறேன்.

தீர்த்தகிரி: அப்ப யாரு?

அம்சவல்லி: எங்கம்மா! "வட்டம் ஜெயிச்சிட்டா மருமவன் வர்றது நின்னுடும்டி"ன்னு, மூணு வேளையும் தூக்கித் தூக்கித் திருப்புது!