வளையமா, சுருளா

இரண்டு பேர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது, இன்ஸ்பெக்டர் சார். கல்யாண வீட்டில் சம்பந்திகளைச் சமாதானம் செய்யப் போய், இரு பக்கமும் திட்டு வாங்கித் திரும்புகிற ஆள் நான்.

என் ஆராய்ச்சியும் அப்படித்தான். ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு மூலக்கூறுச் சங்கிலிகளை முனையோடு முனை முடிந்துவிடுகிறோம். கலக்கவும் முடியாது, பிரிந்து ஓடவும் முடியாது. கண்ணுக்குத் தெரியாத துளைக்குள் அடைத்துக் குளோரோஃபார்ம் ஆவி காட்டினால், இளகித் தாமாகவே ஒழுங்காக அமர்ந்துகொள்ளும். திருகுச் சுருளாக அமரும் என்று உலகுக்குச் சொன்னவன் நான். அடையாறில் எனக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் கிடைத்தது அந்தச் சுருளால்தான்; என் முகத்தைப் பார்த்து யாரும் கொடுக்கவில்லை.

என் மாணவர்கள் ஜொவிட்டாவும் ஹரியும் அது சுருளா வளையமா என்று தினமும் அடித்துக்கொள்வார்கள். "டேய் சேலைக்கடை, கண்ணத் தொடச்சிட்டுப் படத்தப் பாருடா" என்பாள் அந்தச் சாந்தோம் பெண். பாண்டி பஜாரில் அவன் அப்பாவுக்குக் கடை. திடீரென்று அந்தச் சத்தம் நின்றது. நான் நுழைந்தால் கணினித் திரை மாறியது. கேன்டீனில் நெருங்கியிருந்த தலைகள் என்னைக் கண்டதும் விலகின. காதலோ என்று சந்தேகப்பட்டு, வாழ்த்துச் சொல்லக்கூடத் தயாரானேன். பிறகு ஹரி வந்து தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"சார், சுருள் நிக்கல. ஆவில இன்னும் கொஞ்ச நேரம் விட்டா வளையமாயிடுது. நீங்க அவசரப்பட்டு வெளிய எடுத்துட்டீங்க. எல்லார்கிட்டயும் சொல்லித்தான் ஆகணும்ங்கறா அவ. நான் வேணாம்ங்கறேன்."

மறுபடியும் சண்டை. என்னால் தாங்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை, கட்டடத்தில் ஆளில்லை. பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று இருவரையும் ஆவி காட்டும் சிறு அறைக்குள் அனுப்பினேன். உள்ளே கைபேசி கூடாது என்பது எங்கள் வழக்கம், வாங்கி வைத்துக்கொண்டேன். சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காதே என்று எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்தேன். குளோரோஃபார்ம் தட்டுகளை முன்கூட்டியே திறந்து வைத்ததும், கதவைப் பூட்டியதும் நான்தான். இருவரின் உடலையும் நீங்கள் பார்த்துவிட்டீர்கள், மற்றதை நான் வர்ணிக்க வேண்டாம்.

கதவைத் தட்டினார்கள். பாதியில் திறந்து சுருளை வெளியே எடுத்ததுதானே போன தடவை நான் செய்த தவறு. காத்திருந்தேன்.

கதவிடுக்கில் ஜொவிட்டாவின் குரல் குழறிக்கொண்டு வந்தது. "சார், நாங்க பேசிட்டோம். யார்கிட்டயும் சொல்ல மாட்டோம் சார்."

ஒற்றுமையாகிவிட்டார்கள். சத்தியமாக, எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாவி கையிலேயே இருந்தது. அவள் சொல்லை நம்பலாமா என்று மட்டும் யோசித்துக்கொண்டு நின்றேன், உள்ளே சத்தம் அடங்கும்வரை.